ஐந்து விரலில் ஒரு கதை

கேள்வி: நான்காம் வகுப்பு படிக்கும் என் மகள் கதைப் புத்தகங்களை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறாள். ஆனால் புத்தகத்தைப் பற்றி எழுதச் சொன்னால், முழுக் கதையையும் அப்படியே ஒப்பிக்கிறாள். இரண்டு பக்கம் தாண்டியும் முடிவதில்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் அவள் கையிலிருந்து பென்சிலை வாங்கி வையுங்கள். என் பேரனுக்கும் இதே வியாதிதான். "அப்புறம், அப்புறம்" என்று எழுதிக்கொண்டே போவான். ஒருநாள் புத்தகத்தை மூடிவைத்து, "இதைப் படிக்காதவனுக்கு விரல்விட்டுச் சொல்லு" என்றேன். யார், என்ன ஆசை, எது தடுத்தது, என்ன செய்தான் என்று நாலு விரலில் கதை முடிந்தது. ஐந்தாவது விரலுக்கு, "எந்த இடம் பிடிக்கலை?" என்று கேட்டேன். (பிடித்ததைக் கேட்டால் "எல்லாமே" என்றுதான் பதில் வரும்.) "நாய்க்குட்டி தொலைஞ்சும் அவன் அழவே இல்ல தாத்தா. சும்மா கதை விடறாங்க!" என்றான். அதையே முதல் வரியாக எழுத வைத்தேன். அரைப் பக்கத்தில் முடித்துவிட்டான்.

புத்தகத் தலைப்பு, ஆசிரியர் பெயரெல்லாம் அட்டையைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். படிக்கும்போதே, சிரித்த பக்கத்திலும் கோபம் வந்த பக்கத்திலும் துண்டுச் சீட்டு செருகச் சொல்லுங்கள். கதையின் முடிவை மட்டும் எழுத வேண்டாம். எழுத்துப்பிழையா? அதை மறுநாள் பார்த்துக்கொள்ளுங்கள்; அன்றைக்கே சிவப்புப் பேனாவோடு பக்கத்தில் உட்காராதீர்கள்.