நோயாளி யார்?

கேள்வி: 1949-இல் வந்த 'ஹோம் ஆஃப் தி பிரேவ்' என்ற அமெரிக்கப் போர்ப் படம் பார்த்தேன். வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு நடுவே ஒரே ஒரு கறுப்பர். நண்பன் செத்த அதிர்ச்சியில் அவருக்குக் கால்கள் விளங்காமல் போகின்றன. ராணுவ டாக்டர் பேசியே எழுந்து நடக்க வைக்கிறார். நிறவெறியில் பாதி, பாதிக்கப்பட்டவரின் தாழ்வு மனப்பான்மைதான் என்பதை இவ்வளவு பக்குவமாகச் சொன்ன படம் வேறு உண்டா?
– வாசகர், விருதுநகர்

பதில்: பக்குவம் என்கிறீர்கள். எனக்கோ அந்த டாக்டர் மேல்தான் கோபம் வந்தது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அன்றைய ஹாலிவுட்டில் கறுப்பர் என்றால் சமையல்காரர், சுமை தூக்குபவர், இல்லாவிட்டால் கோமாளி. அந்தக் காலத்தில் படித்த, நில அளவை தெரிந்த ஒரு கறுப்பரைக் கதையின் நடுவில் நிறுத்த நெஞ்சுரம் வேண்டும். தயாரிப்பாளர் ஸ்டான்லி கிரேமர் விஷயம் வெளியே கசியாமல் இருக்கப் படத்துக்குப் பொய்ப்பெயர் வைத்து ரகசியமாக எடுத்தார். (அந்தப் பொய்ப்பெயர் 'ஹை நூன்'. பின்னால் வேறொரு படத்துக்கு உண்மையான பெயராகிப் புகழ் பெற்றது.) மாஸ் என்ற அந்தச் சிப்பாயாக ஜேம்ஸ் எட்வர்ட்ஸ் நடித்ததில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

இனி உங்கள் பக்குவத்துக்கு வருவோம்.

ஆர்தர் லாரன்ட்ஸ் 1945-இல் எழுதிய மேடை நாடகம்தான் இதற்கு மூலம். நாடகத்தில் அந்தச் சிப்பாய் கறுப்பர் இல்லை, யூதர். யூத வெறுப்பைப் பற்றி 1947-இலேயே இரண்டு பெரிய படங்கள் வந்துவிட்டன. அதனால் யூதரை எடுத்துவிட்டுக் கறுப்பரை வைத்தார்கள். கதை அப்படியே இருந்தது. ஓட்டை விழுந்தது இங்கேதான். யூதர் வெள்ளையரோடு ஒரே பிரிவில் இருந்தார், ஒரே கூடாரத்தில் படுத்தார். கறுப்பருக்கு அந்த வழியே கிடையாது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் கறுப்பருக்குத் தனிப் பிரிவு, தனிச் சாப்பாட்டுக்கூடம் என்று சட்டம் போட்டுப் பிரித்து வைத்திருந்தது. செஞ்சிலுவைச் சங்கம் தானமாக வந்த ரத்தத்தைக்கூட நிறம் பார்த்துத் தனித்தனியாகத்தான் வைத்தது. 1950-இல்தான் அதை நிறுத்தியது. ஐரோப்பாவில் 1945 தொடக்கத்தில் ஆள் போதாமல் சில கறுப்பு அணிகளை வெள்ளையர் படைப்பிரிவுகளோடு சேர்த்தார்கள். அதுவும் தனித்தனி அணியாகத்தான். பிரிவினையை ஒழிக்க அதிபர் ட்ரூமன் ஆணை பிறப்பித்தது 1948 ஜூலையில். நடைமுறைக்கு வந்து முடிய 1954 ஆகிவிட்டது.

நான்கு வெள்ளையரோடு பசிபிக் தீவுக்கு வரைபடம் எடுக்கப் போன அந்த ஒற்றைக் கறுப்பரை ராணுவம் அனுப்பவில்லை, சினிமாதான் அனுப்பியது. இதனால் என்ன ஆகிறது பாருங்கள். பிரித்து வைத்த சட்டம் திரையிலிருந்து மறைந்துவிடுகிறது. மிஞ்சுவது கூடப்போன சிப்பாய்களில் டீ.ஜே. என்ற ஒரு வாய்த்துடுக்குக்காரன் மட்டும். அவனும் மாஸும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான் பிரச்சினை என்று ஆகிவிடுகிறது. தாழ்வு மனப்பான்மை என்று நீங்கள் முடிவுகட்டியதில் உங்கள் தவறு குறைவு. படம் உங்களை அங்கேதான் கொண்டுபோய் விடுகிறது.

பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே வந்த நண்பன் ஃபிஞ்ச், துப்பாக்கிச் சூட்டின் பதற்றத்தில், கறுப்பரைத் திட்டும் அந்த இழிசொல்லைத் தொடங்கிப் பாதியில் விழுங்கி வேறொரு வசவாக மாற்றுகிறான். படத்திலேயே உயர்ந்த இடம் அது. டீ.ஜே. நாள் முழுக்கத் திட்டியும் மாஸுக்குக் கால் போகவில்லை. அன்பாக இருந்தவன் நாக்கிலும் அந்தச் சொல் தயாராக இருந்தது என்று தெரிந்ததும், அடுத்த நிமிடமே அவன் குண்டடி பட்டதும் சேர்ந்துதான் மாஸை முடக்குகின்றன. இவ்வளவு நுட்பமாகப் பார்த்தவர்கள் டாக்டர் வந்ததும் கோட்டை விட்டார்கள். ஊசி போட்டு அரைமயக்கத்தில் பேசவைத்து, 'பக்கத்தில் இருப்பவன் செத்தால் நாம் பிழைத்தோமே என்று எல்லாச் சிப்பாய்க்கும்தான் தோன்றும், உனக்கும் அதுதான், நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை' என்கிறார். பிறகு அதே இழிசொல்லை அவர் வாயாலேயே கத்தி மாஸை எழுந்து நடக்க வைக்கிறார். கடித்த பாம்பையே பிடித்து வந்து மறுபடி கடிக்கவிடும் வைத்தியம்!

டீ.ஜே.யை யாராவது அந்த டாக்டரிடம் அனுப்பினார்களா, கவனித்தீர்களா?

கடைசியில், கூடப்போன வெள்ளையரில் ஒருவனான, கை இழந்த மிங்கோவும் மாஸும் சேர்ந்து உணவகம் வைக்கலாம் என்று கிளம்புகிறார்கள். இரண்டு பேருக்கும் ஊனம், பழகிக்கொள்ளலாம் என்பதுதான் அதன் உட்பொருள். இந்த இடத்தில் கொதித்துப் போனவர் ஃபிரான்ஸ் ஃபனோன். மார்ட்டினிக் தீவில் பிறந்த கறுப்பர். பிரான்சுக்காக இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்டுக் காயம் பட்டவர். பிறகு மனநல மருத்துவர் ஆனவர். சிப்பாயின் இடத்திலிருந்தும் டாக்டரின் இடத்திலிருந்தும் பேச அவரைவிடத் தகுதியானவர் யார்? தன் கை போனதற்கு அந்த வெள்ளைச் சிப்பாய் பழகிக்கொண்டதைப் போல என் தோலுக்கு நானும் பழகிக்கொள்ள வேண்டுமாம், அந்த ஊனத்தை நான் ஏற்கமாட்டேன் என்று 1952-இல் வந்த தன் நூலில் எழுதினார். சில வரிகளுக்கு மேல் அந்தப் படத்துக்கு அவர் செலவிடவில்லை. அதற்கு மேல் தேவையும் படவில்லை.

எட்வர்ட்ஸுக்குப் பிறகு என்ன வேடங்கள் கிடைத்தன என்றும் தேடிப் பாருங்கள். கொரியப் போர்ப் படம் ஒன்றில் மருத்துவ உதவியாளர். 1956-இல் ஒரு கொள்ளைப் படத்தில் வண்டி நிறுத்துமிடக் காவலாளி. 1970 ஜனவரியில் இறந்தார். அடுத்த மாதம் வெளியான 'பேட்டன்' படத்தில் ஜெனரலின் ஏவலாளாக வருகிறாரே, அது அவர்தான்.