போனவரை மிஞ்ச முடியுமா?

கேள்வி: அமெரிக்கக் கால்பந்தில் என் அபிமான அணியின் ரன்னிங் பேக் (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டக்காரர்) வேறு அணிக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கு வரும் இளைஞர் அவரை மிஞ்சுவாரா?
- வாசகர், வேளச்சேரி

பதில்: தாராளமாக மிஞ்சலாம். 1999-ல் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணி, தன் ரன்னிங் பேக் மார்ஷல் ஃபாக்கை செயின்ட் லூயிஸ் ராம்ஸுக்குக் கொடுத்துவிட்டு, கல்லூரியிலிருந்து வந்த எட்ஜெரின் ஜேம்ஸை எடுத்தது. முந்தைய வருடம் ஃபாக் ஓடியது 1,319 கெஜம். 21 வயது ஜேம்ஸ் வந்த வருடமே 1,553 கெஜம் ஓடி லீக்கிலேயே முதலிடம் பிடித்தார்! 3 வெற்றியோடு தவித்த அணி 13 வெற்றி கண்டது. ஃபாக்கும் சோடை போகவில்லை. ஓட்டத்தில் 1,381, பந்தைப் பிடித்து 1,048 கெஜம் சேர்த்து, ராம்ஸோடு லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலையும் வென்றார்.

திங்கட்கிழமை விடிகாலை, மயிலாப்பூர் வீட்டில் காபியோடு ஆட்டம் பார்க்க உட்கார்ந்தால் நான் முதலில் கவனிப்பது முன்வரிசைத் தடுப்பாளர்கள் ஐந்து பேரைத்தான். அவர்கள் எதிரணியினரைத் தள்ளி வழி உண்டாக்காமல் எந்தக் கால்களாலும் ஓட முடியாது. அப்புறம், பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்கிற எதிரணியினரை மறிக்கும் வேலையும் ரன்னிங் பேக்குக்கு உண்டு. இளைஞர்கள் பெரும்பாலும் திணறுவது அதில்தான். சரி, உங்கள் அணியில் அந்த ஐந்து பேரும் அப்படியே இருக்கிறார்களா? எழுதுங்கள்.