எலியும் மேஷமும் எங்கே சந்திக்கின்றன?

கே: சீன ராசி பன்னிரண்டு, மேலை ராசியும் பன்னிரண்டு. எலிக்கு மேஷம், எருதுக்கு ரிஷபம் என்று வரிசையாகப் பொருத்தலாமா?

ப: பொருந்தாது. மேலை ராசியைச் சூரியன் ஒரு மாதத்தில் கடக்கும். எலி, எருது எல்லாம் ஆண்டுக்கு ஒன்று. வியாழன் வான்பாதையைச் சுற்றிவர 11.86 ஆண்டு ஆகும். பழைய சீன வானியலார் ஆண்டுகளை எண்ண அதைப் பன்னிரண்டு என வைத்துப் பாதையைப் பன்னிரண்டு கூறாக்கினார்கள். சுமார் 85 ஆண்டில் கணக்கு ஒரு கூறு பிசகியது. இன்றுள்ள ஆண்டுவரிசை எந்தக் கோளையும் பார்ப்பதில்லை, வெறும் எண்ணிக்கைதான்.

உங்கள் விலங்கைக் கண்டுபிடிக்க, பிறந்த ஆண்டில் 4-ஐக் கழித்து 12-ஆல் வகுங்கள். மீதி 0 என்றால் எலி. பிறகு எருது, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி. பலர் தவறுவது ஜனவரி, பிப்ரவரிப் பிறப்புகளில். சீனப் புத்தாண்டு ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் இடையே வரும். 2000-இல் அது பிப்ரவரி 5. அந்த ஜனவரியில் பிறந்தவர் டிராகன் அல்ல, முயல்.

கே: அப்படியானால் இரண்டுக்கும் தொடர்பே இல்லையா?

ப: இருக்கிறது, விலங்குகளிடம் அல்ல, அதிகமாதக் கணக்கில் (சந்திர மாதங்களைச் சூரிய ஆண்டோடு ஒட்டவைக்கச் சேர்க்கும் கூடுதல் மாதம்). சீன நாட்காட்டியில் மாதம் அமாவாசை நாளில் தொடங்கும். ஆனால் மாதத்துக்கு எண் கொடுப்பது சூரியன். சூரியப் பாதையில் 15 பாகைக்கு ஒன்றாக 24 புள்ளிகள் உண்டு. அவற்றில் ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் பன்னிரண்டுக்கு ‘ஜோங்ச்சி’ என்று பெயர்: 0, 30, 60 பாகை... மேலை ராசிகள் தொடங்கும் அதே இடங்கள். (வசந்த சமஇரவுப் புள்ளியிலிருந்து, அதாவது மார்ச்சில் பகலும் இரவும் சமமாகும்போது சூரியன் நிற்கும் இடத்திலிருந்து, அளக்கும் சாயன ராசியைச் சொல்கிறேன். விண்மீன்களை வைத்து அளக்கும் நிரயனம் சுமார் 24 பாகை தள்ளி நிற்கும்.) குளிர்காலக் கதிர்த்திருப்பம் (டிசம்பரில் பகல் மிகக் குறுகும் நாள்), அதாவது மகரத் தொடக்கம், விழும் மாதமே பதினோராம் மாதம். அங்கிருந்து அடுத்த பதினோராம் மாதத்துக்கு முன் 13 மாதம் வந்துவிட்டால், ஜோங்ச்சி இல்லாத முதல் மாதம் அதிகமாதம்.

2023-ஐப் பாருங்கள். பெய்ஜிங் நேரப்படி மார்ச் 21 அன்று சூரியன் மேஷத்தில் நுழைந்தது, மறுநாள் அமாவாசை. அடுத்த அமாவாசை ஏப்ரல் 20. ரிஷப நுழைவும் அன்றே. நடுவில் சிக்கிய மாதத்தில் ராசி மாறவே இல்லை. எனவே இரண்டாம் மாதம் இருமுறை வந்தது.

கே: டிசம்பர் 10-இல் பிறந்த நான் தனுசு. வானியல் செயலியோ அன்று சூரியனை வேறு கூட்டத்தில் காட்டுகிறதே?

ப: செயலி காட்டுவது விண்மீன் கூட்டத்தை. 1930-இல் வகுத்த எல்லைகளின்படி நவம்பர் 30 முதல் டிசம்பர் 17 வரை சூரியன் ஒஃபியூக்கஸ் என்ற கூட்டத்தில் இருக்கும். விருச்சிகத்தில் ஒரு வாரம்தான், கன்னியில் ஒன்றரை மாதம். ராசியோ எல்லாவற்றுக்கும் சரியாக 30 பாகை. போதாததற்கு, வசந்த சமஇரவுப் புள்ளி 72 ஆண்டுக்கு ஒரு பாகை நகர்ந்து இப்போது மீனக் கூட்டத்தில் இருக்கிறது.

கே: சீன நாட்காட்டி மென்பொருள் எழுதுகிறேன். எதில் சோதிப்பது?

ப: 2033-இல். ஆகஸ்ட் 25-இல் தொடங்கும் மாதத்தில் ஜோங்ச்சி இல்லை. ஆனாலும் அது அதிகமாதம் ஆகாது, ஒரு பதினோராம் மாதத்திலிருந்து அடுத்ததற்கு முன்வரையான அந்தச் சுற்றில் 12 மாதமே உண்டு. 1990-களின் தொடக்கம் வரை அச்சான பட்டியல்களே இதில் வழுக்கின. டிசம்பர் 22-இல் அதிகப் பதினோராம் மாதம் பிறந்தால் உங்கள் நிரல் சரி.