கல்வெட்டும் கல்விக்கட்டணமும்

அன்புள்ள ஐயா,

நான் திருவொற்றியூர்க்காரன். கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் ஒன்றில் வணிகவியல் படித்து வெளியே வந்து 25 ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் வகுப்பினர் வரும் ஜனவரியில் கூடுகிறோம். இதுவரை நான்கு லட்சம் ரூபாய் சேர்ந்திருக்கிறது. நுழைவாயிலில் எங்கள் பெயர்களைக் கல்வெட்டாகப் பொறித்து ஒரு வளைவு கட்டலாம் என்கிறார்கள் சிலர். முதல் மதிப்பெண் பெறுபவருக்கு ஆண்டுதோறும் பரிசளிக்க அறக்கட்டளை வைக்கலாம் என்பது வேறு சிலரின் கருத்து. திருச்சபையைச் சேர்ந்த பிள்ளைகளுக்கு மட்டுமே உதவவேண்டும் என்று ஒரு நண்பர் பிடிவாதமாக இருக்கிறார். நான் கிறிஸ்தவன் அல்லன், ஆனால் என்னை ஆளாக்கியது அந்த வளாகம்தான். பணம் தவிர வேறு என்ன செய்யலாம் என்பதையும் தாங்கள் சொல்லவேண்டும்.

வாசகர், திருவொற்றியூர்

அன்புள்ள நண்பருக்கு,

வளைவு வேண்டாம். அதைப் பற்றி இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை. முதல் மதிப்பெண் பரிசைப் பற்றித்தான் சற்று எழுதவேண்டும், ஏனென்றால் அதில் குறை காண்பது எளிதல்ல. நான்கு லட்சத்தை வங்கியில் வைப்புநிதியாகப் போட்டால், ஏழு விழுக்காடு வட்டி என்று கொண்டாலும் ஆண்டுக்கு 28,000 ரூபாய் வரும். அது மூன்றாம் ஆண்டின் முடிவில், எல்லாப் பாடங்களிலும் தேறி, பெரும்பாலும் வீட்டில் தனி மேசையும் அமைதியும் வாய்க்கப்பெற்ற ஒருவரின் கைக்குப் போகும். அவர் தகுதியானவர்தான், ஆனால் அந்தப் பரிசு இல்லாவிட்டாலும் பட்டம் பெற்றிருப்பார். உரிய நேரத்தில் பத்தாயிரமோ இருபதாயிரமோ கிடைக்காததால் படிப்பையே விட்டுவிடக்கூடியவர் யார் என்று தேடுவதுதான் உங்கள் வகுப்பினரின் வேலை.

நம் பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகில் பங்குக்குப் போகும் ஒருவரின் மகள் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய செமஸ்டர் தேர்வு நடப்பதும், அடுத்த ஆண்டுக்கான கட்டணத்தைக் கட்டச் சொல்லிக் கெடு வருவதும் ஏறத்தாழ இதே நாட்களில்தான். வீட்டில் அப்போது வருமானம் இல்லை. அரசு தரும் தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய், அதுவும் மளிகைக்கடைப் பாக்கிக்கே சரியாகப் போகும். எஞ்சியிருப்பவை அம்மாவின் கம்மலை வைக்க அடகுக்கடை, அல்லது தண்டல்காரர். தண்டலில் பத்தாயிரம் வாங்கினால் வட்டியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கையில் கொடுப்பார்கள், மறுநாளே வசூலுக்கு ஆள் வாசலில் நிற்பார். கட்டணத்தில் தவணை கேட்டு அலுவலகத்துக்கு நடந்து அலுத்துப்போகும் பெண், ஒரு வருடம் வேலைக்குப் போய்விட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஜவுளிக்கடையில் சேர்ந்துவிடுவாள். அப்படிச் சேர்ந்தவர்களில் திரும்பி வந்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

ஆகவே உங்கள் பணம் ஆண்டுவிழா மேடைக்கு வருவதைவிட மே மாதத்தில் கட்டண அலுவலகத்துக்கு வருவது மேல். நான்கு லட்சத்தையும் வைப்புநிதியில் பூட்டாமல், இரண்டு மூன்று ஆண்டுகளில் செலவழித்துத் தீர்க்கும் அவசர உதவி நிதியாக வையுங்கள். தீர்ந்துவிடுமே என்ற கவலை வரும். அறுபது பேர் மாதம் 500 ரூபாய் வங்கியில் தானாகக் கழியும்படி எழுதிக்கொடுத்தால் ஆண்டுக்கு 3,60,000 ரூபாய் ஆகிறது. ஒருமுறை உணர்ச்சிவசப்பட்டு எழுதும் பெரிய காசோலையைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை. பணம் பல்கலைக்கழகத்தின் கணக்கு வழியாகவே போகட்டும், ரசீது வாங்கிவிடுங்கள். ஆனால் யாருக்குக் கொடுப்பது என்பதைத் துறைத்தலைவர் ஒருவர், விடுதிக் காப்பாளர் ஒருவர், உங்களில் ஒருவர் என மூவர் கூடி இரண்டு நாட்களுக்குள் முடிவுசெய்யும்படி ஏற்பாடு இருக்கவேண்டும். வகுப்பாசிரியரின் வார்த்தையே போதும், தாசில்தார் சான்றிதழ் வரட்டும் என்று காத்திருந்தால் கெடு தாண்டிவிடும். கடனாகக் கொடுக்காதீர்கள். வாங்கியவரின் பெயரை மேடையில் வாசிக்காதீர்கள், அட்டையில் செய்த பெரிய காசோலையோடு நிறுத்திப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடவும் வேண்டாம். அந்தப் படத்தை அவருடைய வகுப்பில் இருக்கும் அறுபது பேரும் பார்ப்பார்கள்.

இனி, திருச்சபைப் பிள்ளைகளுக்கு மட்டும் என்ற உங்கள் நண்பரின் பிடிவாதம். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் தொடக்கமான பள்ளியை 1837இல் ஜார்ஜ் டவுனில், அரண்மனைக்காரத் தெரு என்று நாம் சொல்லும் ஆர்மீனியன் தெருவில் தொடங்கியவர் ஸ்காட்லாந்துப் போதகர் ஜான் ஆண்டர்சன். மதமாற்றத்தையும் மனத்தில் கொண்டு வந்தவர்தான் அவர், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகள் இந்துக்கள். ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்களைச் சேர்த்தபோது மற்றவர்கள் எதிர்த்து வெளியேறினார்கள், ஆண்டர்சன் சேர்த்தவர்களை அனுப்பவில்லை. அந்த நிறுவனம் 1877இல் வில்லியம் மில்லர் காலத்தில் கிறிஸ்தவக் கல்லூரி என்ற பெயரைப் பெற்று, 1937இல் தாம்பரத்துக்குப் போயிற்று. இராயபுரத்துப் பிள்ளை நடந்தே போய்ப் படித்த இடத்துக்கு இன்று கடற்கரை நிலையத்தில் மின்சார ரயில் ஏறவேண்டியிருக்கிறது என்பது வேறு கதை. தமிழ்நாட்டுக் கிறிஸ்தவக் கல்வி நிறுவனங்களின் வரலாற்றில் வகுப்பறை பெரும்பாலும் திருச்சபைக்கு மட்டுமே உரியதாக இருந்ததில்லை. உதவியும் அப்படியே இருக்கட்டும்.

ஆனாலும் உங்கள் நண்பர் சொல்வதில் ஒரு பாதி நியாயம் உண்டு, அதை அவருக்கே எடுத்துச்சொல்லுங்கள். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கு மட்டும் என்றிருந்தது. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் அது நீட்டிக்கப்பட்டது, கிறிஸ்தவர்களுக்கு இல்லை. தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். மதம் மாறிய ஆதிதிராவிடர் பிள்ளைகளுக்கும் மாநில அரசு கல்வி உதவித்தொகை தருகிறது என்றாலும் இட ஒதுக்கீட்டில் அந்த இடைவெளி அப்படியேதான் இருக்கிறது. இந்தப் பிள்ளைகளுக்கென நிதியில் ஒரு பங்கைத் தனியே ஒதுக்குவது சபைப்பற்று ஆகாது, சட்டம் விட்ட குறையைக் கொஞ்சம் ஈடுசெய்வது. அப்படி ஒதுக்குவதை நான் ஆதரிப்பேன்.

பணம் தவிர என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வகுப்பில் வங்கி ஊழியர்கள் இல்லாமலிருக்க வாய்ப்பில்லை. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளின் தமிழ்வழி வகுப்புகளிலும் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்குப் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. கணக்கோடு ஆதார் இணையவில்லை, மாற்றுச் சான்றிதழில் ஒரு பெயரும் ஆதாரில் ஞானஸ்நானப் பெயரும் இருக்கின்றன என்பது போன்ற அற்பக் காரணங்களால் இத்தகைய உதவிகள் நின்றுபோவதுண்டு. மாதம் ஒரு சனிக்கிழமை வளாகத்தில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்து, படிவத்தைச் சரிபார்த்து, எந்தக் கிளைக்குப் போய் யாரிடம் என்ன கேட்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தால் அதுவே பெரிய உதவி.

இன்னொன்று வேலை. வணிகவியல் படித்தவர்கள் நீங்கள், மண்ணடியிலோ தம்புச் செட்டித் தெருவிலோ, சரக்குகளைச் சுங்கத்திலிருந்து விடுவித்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகம் நடத்தும் ஒருவராவது உங்களில் இருப்பார். அவர் விடுமுறையில் இரண்டு மாணவர்களை ஆறு வாரம் சேர்த்துக்கொள்ளட்டும். இன்வாய்ஸையும் பேக்கிங் லிஸ்ட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சரக்குக்கு எந்த வரி எண் பொருந்தும் என்று பார்த்து, பில் ஆஃப் என்ட்ரி என்ற சுங்கப் படிவத்தைத் தயார்செய்யும் வேலையை மூத்த எழுத்தரின் அருகில் உட்கார்ந்து கற்றுக்கொண்ட பையன், துறைமுகத்தைச் சுற்றியே பிழைப்புத் தேடிக்கொள்வான். பேருந்துக்கட்டணமும் மதியச் சாப்பாடும் கொடுக்கவேண்டும், இலவச வேலையாட்களாக நடத்தக்கூடாது. முன்னாள் மாணவர் ஒருவர் அரங்கில் ஒரு மணிநேரம் தம் வெற்றிக்கதையைச் சொல்வது அவருக்கு நல்லதுதான், கேட்பவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கடைசியாக ஒரு நடைமுறைச் செய்தி. வெளிநாட்டில் இருக்கும் வகுப்புத் தோழர்களிடம் பணம் வாங்குவதற்கு முன் அவர்களுடைய குடியுரிமையைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தியக் குடியுரிமை உள்ளவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டவர், இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், சட்டப்படி வெளிநாட்டவரே. அவருடைய பணத்தை வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ்ப் பதிவுபெற்ற நிறுவனம் மட்டும், டெல்லி ஸ்டேட் வங்கியில் அதற்கென உள்ள கணக்கில்தான் பெறமுடியும். உங்களுடைய தனிக்கணக்கில் வாங்கிப் பிறகு சேர்த்துக்கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், பதில் சொல்லவேண்டியது நீங்களாகிவிடும்.

அன்புடன்.