பந்தை எறிந்தால்தான் பதில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போக்கிமான் கேம்களில் முரண்நகை உண்டு என்று நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். எனக்கு உடன்பாடில்லை. 'பிளாக்' கேமில் 'என்' என்ற ஒற்றை எழுத்துப் பெயர் கொண்ட இளைஞன் நியாயமான ஒரு கேள்வியைக் கேட்கிறான்: போக்கிமான்களைப் பிடித்துப் பந்துக்குள் அடைத்துச் சண்டைக்கு விடுவது சரியா? கதை எழுதியவர்களிடம் பதில் இல்லை. கடைசியில் அவன் சார்ந்த டீம் பிளாஸ்மா இயக்கத்தின் சூத்திரதாரியான கெட்சிஸைக் கொண்டுவந்து, அந்த இயக்கமே மோசடி என்று காட்டித் தப்பித்துவிடுகிறார்கள். இதற்குப் பெயர் முரண்நகையா, நழுவலா? மற்றதெல்லாம் ரசிகர்கள் ஏற்றிச் சொல்வதாகவே எனக்குப் படுகிறது.

பி.கு: இப்போது 'எமரால்ட்' கேம் ஆடுகிறேன். அதில் ஜிம் தலைவர் நார்மன் வைத்திருக்கும் ஸ்லேக்கிங் என்ற போக்கிமானிடம் தோற்றுக்கொண்டே இருக்கிறேன். வழி இருந்தால் சொல்லுங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வசனத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் நழுவல்தான், மறுக்கவில்லை. 'போக்கிமான்களை விடுதலை செய்யுங்கள்' என்று டீம் பிளாஸ்மா, கதை நடக்கும் யுனோவா நாடு முழுக்கப் பிரசங்கம் செய்கிறது. எல்லோரும் விட்டுவிட்ட பிறகு தன் கையில் மட்டும் அவை இருக்கவேண்டும் என்பது கெட்சிஸின் கணக்கு. அது அம்பலமானதும் கேள்வி கேட்டவன் பாவமாகிவிடுகிறான், கேள்வியும் அவனோடு போய்விடுகிறது. மலிவான முடிவு.

ஆனால் இந்த கேம்களில் ஆட்களை அவர்கள் பேச்சை வைத்து எடைபோடக்கூடாது. அவர்களுடைய பார்ட்டியில், அதாவது கூட வைத்திருக்கும் போக்கிமான் அணியில், என்ன இருக்கிறது, எந்த லெவலில், எந்தத் தாக்குதல்களோடு என்று பாருங்கள். 'என்'னுடைய பட்டியலையே எடுத்துக்கொள்வோம். அக்யுமுலாவில் முதல் சண்டை: ஒரே ஒரு பர்லாயின், லெவல் 7. ஊரைத் தாண்டியதும் வரும் ரூட் 2 புல்லில் திரிவது. நாக்ரீனில் பிடோவ், டிம்பர், டிம்போல். மூன்றும் பக்கத்தில் இருக்கும் பின்வீல் காட்டில் கிடைப்பவை. நிம்பாசாவில் சாண்டைல், டாருமாகா, ஸ்கிராகி, சிகிலிஃப். நான்கும் அருகிலுள்ள பாலைவனத்து உயிர்கள். சார்ஜ்ஸ்டோன் குகையில் நான்கு, நான்கும் அந்தக் குகையிலேயே இருப்பவை. ஒருமுறை வந்தது மறுமுறை வருவதில்லை. அதாவது அக்கம்பக்கத்தில் இருப்பவற்றிடம் உதவி கேட்கிறான், சண்டை முடிந்ததும் விட்டுவிடுகிறான். சந்திப்பு இடங்களின் காட்டுப் போக்கிமான் பட்டியலை ஒப்பிட்டுப் பார்க்காதவருக்கு இது கண்ணிலேயே படாது. தன் கொள்கைப்படி நடக்கிற ஒரே ஆள் அவன் என்று கேம் காட்டியிருப்பது இப்படித்தான்.

கோட்டையில் நடக்கும் கடைசிச் சண்டையில் அதே ஆளின் பார்ட்டி தலைகீழ். கராகோஸ்டாவும் ஆர்க்கியாப்ஸும் புதைபடிவத்திலிருந்து மனிதர்கள் இயந்திரம் வைத்து மீட்டெடுத்தால் மட்டுமே இருக்கக்கூடியவை. கிளிங்கிளாங் பல்சக்கரங்களால் ஆனது. மனிதனையும் போக்கிமானையும் இரண்டாகப் பிரித்தே தீருவேன் என்று நிற்பவன், மனிதக் கை படாமல் பிறந்தேயிருக்காத இரண்டைக் கூட்டிக்கொண்டு வருகிறான். எழுதியவர்கள் யோசித்து வைத்தார்களா என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அதுவரை ஒவ்வொரு பட்டியலையும் அத்தனை கவனமாக அமைத்தவர்கள், இதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருப்பார்கள் என்று நம்பச் சிரமமாக இருக்கிறது.

அதற்குச் சற்று முன்னால் நடப்பதுதான் எல்லாவற்றிலும் கூர்மையானது. 'பிளாக்'கில் உங்கள் முன் ரெஷிராம் என்ற புராணப் போக்கிமான் எழுந்து வருகிறது. அதைப் பிடித்தே ஆகவேண்டும், பிடிக்காமல் கதை நகராது. பெரும்பாலான புராணப் போக்கிமான்களுக்குப் பிடிபடும் எண் (கூடக்கூட எளிதில் சிக்கும்) 3. ரெஷிராமுக்கு இங்கே 45 வைத்திருக்கிறார்கள், சாதாரணப் பந்திலேயே சிக்கிவிடட்டும் என்று. 'பிடிக்காதீர்கள்' என்பவனுக்கு மறுப்பாக உங்களுக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே செயல் பிடிப்பது. வாதத்தில் தோற்கிற பக்கம் விதியில் ஜெயிக்கிறது. நீங்கள் நழுவல் என்று சொல்லும் இடத்தை நான் ஒப்புதல் வாக்குமூலம் என்று வாசிக்கிறேன்.

போக்கிமான்கள் மனிதரோடு மகிழ்ச்சியாக இருக்கின்றன என்பதற்குக் கதை தரும் சாட்சி யார் என்றும் பாருங்கள். அவற்றின் பேச்சு கேட்கும் வரம் 'என்'னுக்குத்தான் இருக்கிறது. முதல் சந்திப்பிலேயே உங்கள் போக்கிமான் சொன்னதைக் கேட்டுத் திகைத்துப்போகிறான். மனிதர்களால் காயப்பட்டவற்றோடு மட்டுமே வளர்க்கப்பட்டவன், வேறு மாதிரிப் பேச்சைக் கேட்டதில்லை. குற்றம் சாட்டுபவனே எதிர்த்தரப்புக்குச் சாட்சி. நமக்கோ ஒரு சொல்லும் கேட்பதில்லை, அவன் முகம் மாறுவதை வைத்து நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

2012-இல் வந்த 'பிளாக் 2', 'ஒயிட் 2' இரண்டிலும் இது இன்னும் முறுக்கேறுகிறது. பழைய பிளாக் அல்லது ஒயிட் சேவ் உள்ள இன்னொரு டிஎஸ் கருவியை எதிரே வைத்து, யுனோவா லிங்க் மெனுவில் மெமரி லிங்க்கை முடியுங்கள். பிறகு அவன் விடுவித்த அதே பர்லாயினும் பிடோவும் டாருமாகாவும் காட்டில் உங்களுக்கு எதிர்ப்படத் தொடங்கும். பிடிக்கலாம். பிடித்தபின் விவரப் பக்கத்தைத் திறந்தால், முதல் டிரெய்னர் என்ற இடத்தில் அவன் பெயர்! உடைமையே கூடாது என்றவனை உடைமையாளன் என்று பதிவுசெய்து வைத்திருக்கிறது சிஸ்டம். போதாததற்கு ஆறு உள்மதிப்புகளும் (பிறவியிலேயே அமையும் திறன் அளவுகள்) 30, உச்சத்துக்கு ஒன்றே குறைவு. விடுதலை பெற்றவை என்பதாலேயே வேட்டைக்காரர் தேடிப்போகும் சரக்காகிவிட்டன. இன்னொரு டிஎஸ் இல்லாதவர்கள் டிரிஃப்ட்வெய்ல் ஊருக்குப் போனால் போதும். அங்கே டீம் பிளாஸ்மாவின் பழைய ஆள் ஒருவர் அவனுடைய சோருவாவை உங்கள் கையில் கொடுப்பார்.

ரசிகர்கள் ஏற்றிச் சொல்வது பற்றிய உங்கள் சந்தேகம் பாதி சரி. பிரித்துப் பார்க்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. முதல் கேமில் கெட்சிஸிடம் லெவல் 54 ஹைட்ரைகான் இருக்கிறது. ஸ்வைலஸ் ஹைட்ரைகானாக உருமாறுவது 64-இல். 'பார்த்தீர்களா, கொடுமைப்படுத்தி வளர்த்திருக்கிறான்' என்று இதை வைத்துக் கட்டுரை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எழுதட்டும். ஆனால் 'கோல்ட்', 'சில்வர்' கேம்களின் சாம்பியன் லான்ஸிடம் மூன்று டிராகனைட், லெவல் 47, 47, 50. டிராகனேர் உருமாறவேண்டியது 55-இல். நல்லவரின் கையிலும் அதே வயது திருத்திய சான்றிதழ். காரணம் சாதாரணமானது: அந்தக் கட்டத்தில் எதிராளியின் லெவல் ஐம்பதைச் சுற்றி நிற்கவேண்டும், ஆனால் கடைசி ஆளிடம் கம்பீரமான உருவம் இருக்கவேண்டும். லெவலை விட்டுக்கொடுக்காமல் விதியை விட்டுக்கொடுத்தார்கள். இதில் குணச்சித்திரம் தேடாதீர்கள்.

(அதே லான்ஸ் மஹாகனி ஊர்க் கடையில் டீம் ராக்கெட் என்ற கொள்ளைக் கும்பலின் ஆள் மேலேயே டிராகனைட்டை ஹைப்பர் பீம் தாக்குதல் அடிக்கச் சொல்கிறார். கெட்சிஸ் பின்னாளில் கியூரெம் என்ற போக்கிமானை ஏவி நம்மைக் குத்தப் பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று யாரும் கேட்பதில்லை.)

தாக்குதல் பட்டியல் வேறு விஷயம், அதை ஒருவர் உட்கார்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும். 'பிளாக் 2'வில் கெட்சிஸின் ஹைட்ரைகானுக்கு ஃபிரஸ்ட்ரேஷன் என்ற தாக்குதலைக் கொடுத்திருக்கிறார்கள். அதன் பலத்தைக் கணக்கிடும் முறை: 255-இலிருந்து நட்பு எண்ணை (போக்கிமானுக்குத் தன் டிரெய்னர்மேல் உள்ள பிரியத்தின் அளவு) கழித்து 2.5-ஆல் வகுக்கவேண்டும். நட்பு பூஜ்யமென்றால் பலம் 102, நட்பு ஏற ஏறப் பலம் கரையும். டிராகன் தாக்குதல்கள் கைவசம் உள்ள ஒன்றுக்கு இதைப் போய் எவரும் ஆட்டக் கணக்குக்காகத் தரமாட்டார்கள். இது குணச்சித்திரம்.

'கோல்ட்'டில் வரும் செந்தலை எதிராளி இதற்கு மறுபக்கம். பேராசிரியர் எல்மின் ஆய்வகத்தில் திருடிய போக்கிமானோடு கிளம்பி, பலமில்லாதவை எதற்கு என்று கதை முழுக்கப் பேசுகிறவன். அவனிடம் ஒரு கோல்பாட். அது குரோபாட்டாக மாறுவதற்கு லெவல் உதவாது, நட்பு 220 தொடவேண்டும். விக்டரி ரோட்டிலும் அது கோல்பாட்தான், மவுண்ட் மூனிலும் கோல்பாட்தான். அதன்பிறகு இண்டிகோ பீடபூமியில் சந்திக்கும்போது குரோபாட். திருந்திவிட்டேன் என்று அவன் வாயால் சொல்லவே வேண்டியதில்லை. எழுதி வைத்த முரண்நகைக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

தற்செயலாக அமைந்தவையும் உண்டு. இறந்த தாயின் மண்டையோட்டைக் கியூபோன் அணிந்திருக்கிறது என்கிறது 'யெல்லோ' கேமின் போக்கிமான் தகவல் ஏடான போக்கிடெக்ஸ். 1999-இல் 'கோல்ட்', 'சில்வர்' முட்டை வழியை அறிமுகப்படுத்தின. கியூபோனின் வளர்ந்த உருவமான மாரோவாக்கில் பெண் ஒன்றையும், அதோடு இணை சேரக்கூடிய ஒரு டிட்டோவையும் டே கேர் காப்பகத்தில் விட்டு, முட்டையை எடுத்துக்கொண்டு நடங்கள். பொரிந்து வரும் குட்டி தலையில் மண்டையோட்டோடு வரும். தாய் டே கேரில் நலமாக இருக்கும். கியூபோனுக்கு வரைந்து வைத்த படம் ஒன்றே ஒன்றுதான், கதை அளந்தது ஒருவர், இனப்பெருக்க விதி எழுதியது இன்னொருவர், அவ்வளவுதான். முதல் தலைமுறையில் சைக்கிக் வகை பேய் வகைக்கு அஞ்சும் என்று பேச்சு இருக்க, நிரலில் நேர்ந்த பிழையால் பேய்த் தாக்குதல் அதன்மேல் படவே படாமல் போனதும் இந்தக் கணக்கில்தான் வரும். சிரிக்கலாம், ஆசிரியருக்குப் பாராட்டு எழுதவேண்டாம்.

இனி நார்மன். ஸ்லேக்கிங் திட்டமிட்டே செய்த கேலி. அதன் அடிப்படை எண்களின் கூட்டுத்தொகை 670, புராணப் போக்கிமான்களான கயோகரும் குரௌடானும் நிற்கும் அதே உயரம். ஆனால் ட்ரூயன்ட் குணத்தால் ஒரு திருப்பம் (சண்டையில் ஒரு சுற்று) விட்டு ஒரு திருப்பம்தான் அசையும். சோம்பேறி ஸ்லாகோத் 18-இல் தூக்கமே வராத விகரோத் ஆகிறது, அது 36-இல் மறுபடி சோம்பேறியாகிறது. நார்மனிடம் இருப்பது லெவல் 31. உங்கள் கதாபாத்திரத்தின் அப்பாவும் லான்ஸ் கட்சிதான்.

வேகமான ஒன்றுக்கு டிக் தாக்குதல் கற்றுக்கொடுங்கள். ஸ்லேக்கிங் களமிறங்கி அசையும் முதல் திருப்பத்தில் நீங்கள் மண்ணுக்குள் இருப்பீர்கள், அது சோம்பும் இரண்டாவது திருப்பத்தில் வெளியே வந்து அடிப்பீர்கள். அடி விழும்போது அது சோம்பிக் கிடப்பதால் கவுன்டர் அடித்துத் திருப்பித் தரவும் முடியாது. உங்கள் போக்கிமான் அதைவிட மெதுவானதென்றால் இந்தத் திட்டம் கெட்டுவிடும், நீங்கள் தோண்டுவதற்கு முன்பே அடி விழும். ஸ்லேக்கிங்கின் அடிப்படை வேகம் 100, உருவத்தைப் பார்த்து ஏமாறவேண்டாம். வேகமானது கையில் இல்லையென்றால், அது அசையும் திருப்பத்தில் அடியைத் தடுக்கும் புரொடெக்ட், அடுத்ததில் தாக்குதல் என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். புரொடெக்ட்டை அடுத்தடுத்துப் போட்டால்தான் பிசகும், இடையில் வேறொன்று வந்தால் பிசகாது. முடக்கவோ நஞ்சூட்டவோ செய்யாதீர்கள். அதனிடம் ஃபசாட் என்ற தாக்குதல் இருக்கிறது, அப்போது அதன் 70 பலம் 140 ஆகிவிடும்.