மெலிந்தவருக்கும் ஈரலில் கொழுப்பு படியுமா?

கேள்வி: எனக்கு 46 வயது. வெள்ளவத்தையில் வசிக்கிறேன், அலுவலக வேலை. உயரம் 168 சென்ரிமீற்றர், நிறை 64 கிலோ. மதுப்பழக்கம் இல்லை. அண்மையில் எடுத்த ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு படிந்திருப்பதாகக் கூறினார்கள். ஆறு மாதமாகத் தேங்காய்ப்பால் கறியைக்கூட நான் தொடுவதில்லை. என் மனைவியின் நிறை 76 கிலோ. அவருடைய பரிசோதனைகளில் ஒரு குறையும் இல்லை. எனது ஸ்கேனில் தவறு நேர்ந்திருக்குமா? குளிர்ந்த நீரில் குளித்தால் கொழுப்பு கரையும் என்பது உண்மையா?

பதில்: ஸ்கேனில் தவறு நேர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை. உயரத்துக்கு நிறை பொருந்துகிறதா என்பதைக் காட்டும் உங்கள் உடற்திணிவுச் சுட்டி (BMI) 22.7. ஆசிய மக்களுக்கு 23 இலிருந்தே கவனம் தேவை என்பதால், நீங்கள் கோட்டுக்குச் சற்று உட்புறமாகவே நிற்கிறீர்கள். ஆனால் தராசு நிறையை மட்டுமே சொல்லும். அதில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, அந்தக் கொழுப்பு எங்கே தங்கியிருக்கிறது என்பதையெல்லாம் அது சொல்லாது. 2004 இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஒரு படத்தில், புனே நகர வைத்தியர் யாஜ்னிக்கும் லண்டன் வைத்தியர் யுட்கினும் அருகருகே நிற்கிறார்கள். இருவரின் சுட்டியும் 22.3 தான். ஆயினும் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலிலோ 21.2 சதவீதம். தெற்காசியரான நம்மில் பலர் யாஜ்னிக்கின் பக்கத்தைச் சேர்ந்தவர்கள்.

தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பை ஒரு களஞ்சியமாக எண்ணிக்கொள்ளுங்கள். மிஞ்சிய சக்தியைப் பத்திரமாக வைத்திருப்பதற்காகவே உடல் அதைக் கட்டியிருக்கிறது. களஞ்சியம் பெரிதாக உள்ளவருக்கு நெடுங்காலம் இடம் போதும். சிறிதாக உள்ளவருக்கு அது விரைவில் நிரம்பிவிடுவதால், மீதி மூட்டைகள் வீட்டின் நடுக்கூடத்தில் அடுக்கப்படுவதைப் போல, கொழுப்பு வயிற்றறைக்குள் குடலைச் சூழ்ந்தும் ஈரலின் உள்ளேயும் தசைகளிலும் சேரத் தொடங்குகிறது. உடல் வெளித்தோற்றத்தில் மெலிந்திருக்க, வயிறு மட்டும் மெல்ல முன்தள்ளுவது இதன் அடையாளம். வயிற்றறைக் கொழுப்பு எளிதில் உடைந்து கொழுப்பமிலங்களை வெளிவிடும் இயல்புடையது. அவற்றில் ஒரு பங்கு குடலிலிருந்து ஈரலுக்குச் செல்லும் பெருநாளத்தின் வழியே நேராக ஈரலை அடைகிறது. அழற்சியைத் தூண்டும் பொருள்களும் அங்கிருந்து சுரக்கின்றன. இன்சுலினின் சொல்லுக்கு ஈரல் கட்டுப்படாமல் போக, இரத்தத்தில் சீனியும் ட்ரைகிளிசரைட் என்ற கொழுப்பும் உயர்கின்றன. நீரிழிவும் இருதய நோயும் வருவதற்கான வழி இவ்வாறுதான் திறக்கிறது.

உங்கள் மனைவியின் கொழுப்பு பெரும்பாலும் இடையின் கீழும் தொடையிலும் தோலடியில் இருக்கக்கூடும். மாதவிடாய் நிற்கும் வயதுவரை ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஓமோன் கொழுப்பை அவ்விடங்களுக்கே அனுப்புகிறது. அந்தக் கொழுப்பு ஒப்பீட்டளவில் சாதுவானது. 2004 இல் வெளியான ஓர் ஆய்வில், பருமனான 15 பெண்களின் வயிற்றுத் தோலடிக் கொழுப்பில் ஏறத்தாழ 10 கிலோவை உறிஞ்சி அகற்றிய பின்னரும் அவர்களுடைய இன்சுலின் செயற்பாடு திருந்தவில்லை. அதற்காக 76 கிலோவை நல்ல நிறை என்று நான் சொல்வதாக அவர் எடுத்துக்கொள்ள வேண்டாம். முழங்கால்கள் அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டுதான் இருக்கின்றன, மாதவிடாய் நின்றபின் கொழுப்பு வயிற்றறையை நோக்கித் திரும்புவதும் வழக்கம்.

குளிர்நீர் பற்றிய பேச்சு பழுப்புக் கொழுப்பிலிருந்து பிறந்தது. சக்தியைச் சேமிக்காமல் எரித்து வெப்பமாக்கும் இக்கொழுப்பு பச்சிளங் குழந்தைகளிடம் நிறைய உண்டு. வளர்ந்தவர்களிலும் கழுத்து, காறையெலும்புப் பகுதிகளில் சிறிதளவு இயங்குவது 2009 இல் உறுதியானது. குளிரே அதைத் தூண்டுகிறது. ஆனால் கொழும்பின் வெக்கையில் குழாய்த் தண்ணீர் எவ்வளவு குளிரும் என்பது உங்களுக்கே தெரியும். அதை நம்பி நடைப்பயிற்சியைக் கைவிடாதீர்கள்.

இனித் தேங்காய்ப்பாலுக்கு வருகிறேன். அதைக் குறைத்தது தவறன்று. ஆனால் ஈரலில் படியும் கொழுப்பு உணவிலுள்ள கொழுப்பிலிருந்து மட்டும் வருவதில்லை. மிகுதியான சீனியையும் மாப்பொருளையும் ஈரல் தானே கொழுப்பாக மாற்றிக்கொள்கிறது. அலுவலகத்தில் ஒரு நாளைக்கு எத்தனை தேநீர் குடிக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டு தேக்கரண்டிச் சீனியுடன் ஐந்து கோப்பை என்றால், தேநீரிலிருந்தே 40 கிராமுக்குக் குறையாத சீனி சேர்கிறது. காலையில் பாண், மாலையில் ரோல்ஸ், இரவில் கொத்து என்று நாள் போகுமானால் கறியில் பாலைத் தவிர்த்ததால் பெரிய பயன் இராது. சோற்றின் அளவைக் குறைத்து, அவ்விடத்தைப் பருப்பு, மீன், கீரைகளால் நிரப்புங்கள்.

இடுப்பைச் சரியாக அளந்து பாருங்கள். காற்சட்டையின் அளவை நம்பக்கூடாது. நம்மவர்கள் வயிறு பெருத்ததும் காற்சட்டையை அதன் கீழே இறக்கி அணிந்துகொண்டு, அளவு மாறவில்லை என்று மகிழ்வார்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, இயல்பாக மூச்சை வெளிவிட்ட நிலையில் நாடாவைச் சுற்றுங்கள். தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் எல்லை. உங்கள் மனைவியும் அளந்து பார்ப்பது நல்லது.

உங்களைப் போன்ற உடல்வாகு உள்ளவருக்கு நிறையில் 3 முதல் 5 சதவீதம், அதாவது இரண்டு மூன்று கிலோ குறைந்தாலே ஈரல் தேறத் தொடங்கும். வாரத்தில் 150 நிமிடமாவது, வெள்ளவத்தைக் கடற்கரையோரமோ வேறெங்கோ, மூச்சு வாங்கும் அளவுக்கு நடவுங்கள். தசையைப் பெருக்கும் பளுப்பயிற்சியையும் இரண்டு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றுச் சீனி, மூன்று மாதச் சராசரிச் சீனி, கொலஸ்ட்ரோல், ஈரல் நொதியங்கள் ஆகிய பரிசோதனைகளை இப்போதே செய்வியுங்கள். நீங்கள் மது அருந்தாதவர் என்பதால், ஈரல் அழற்சி வைரசுகளும் ஸ்டீரொய்ட் போன்ற மருந்துகளும் காரணமல்ல என்பதை உங்கள் வைத்தியர் உறுதிசெய்ய வேண்டும். ஆகவே ஸ்கேன் அறிக்கையுடன், தற்போது உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும், நாட்டு மருந்து உட்பட, அவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.