அம்மா எதற்குப் பொய் சொல்ல வேண்டும்?

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. நவீன ஓவியங்களை வைத்துத் தத்துவவாதிகள் நடத்திய விவாதங்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன், இது நான்காவது வருஷம். வான் கோ வரைந்த காலணிகளுக்கே ஒரு முழு இயல் ஒதுக்கியிருக்கிறேன். அப்பா இல்லை. அம்மா நடவுக்கும் களையெடுக்கவும் போய்த்தான் என்னைப் படிக்கவைத்தார். இப்போது மாமா ஒரு வரன் கொண்டுவந்து, 'படிச்சது போதும்' என்கிறார். அம்மாவும் தலையாட்டுகிறார். (ஊரில் கேட்டால் பி.எட். என்று சொல்லும்படி அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். விளக்கினாலும் யாருக்கும் புரியாது.) என் படிப்பின் அருமையை வீட்டில் எப்படிப் புரியவைப்பது?

வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: அடைப்புக்குறிக்குள் ஒரு வரியை ஒளித்து வைத்திருக்கிறாயே, அதை முதலில் பேசுவோம். கல்யாணப் பேச்சு அப்புறம்.

பி.எட். இரண்டு வருஷப் படிப்பு. நீ படிப்பது நான்காவது வருஷம். நடவு வயலில் வரிசையாகக் குனிந்து நிற்கும்போது, 'உன் மவ இன்னுமா பி.எட். படிக்குது?' என்று பக்கத்தில் நிற்பவள் கேட்டால் உன் அம்மா என்ன சொல்வார்? கேட்டவள் அடுத்த நாற்று முடிச்சைப் பிரித்ததும் அதை மறந்துவிடுவாள். உன் அம்மாவுக்கு அது நாள் முழுக்க நெஞ்சில் கிடக்கும். மாமா மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவருக்குச் சொல்லப்பட்ட படிப்பு எப்போதோ முடிந்துவிட்டது.

'புரியாது' என்கிறாய். என்றைக்குச் சொல்லிப் பார்த்தாய்? அப்படி ஒரு நாளைக்கூட உன் கடிதத்தில் காணோம்.

சரி, உன் இயலுக்கே வருவோம். அந்தத் தேய்ந்த காலணிகளை வான் கோ 1886இல் பாரிஸில் வரைந்தார். 1930களில் ஜெர்மன் தத்துவவாதி ஹைடெகர், இவை ஒரு விவசாயப் பெண்ணுடையவை, அவள் வயலில் நடந்த நடையும் அன்றாட உணவைப் பற்றிய கவலையும் இவற்றில் தெரிகின்றன என்றார். 1968இல் கலை வரலாற்றாசிரியர் மேயர் ஷாபிரோ மறுத்தார். அவை நகரத்தில் இருந்த ஓவியரின் சொந்தக் காலணிகள், ஹைடெகர் தம் மனதில் இருந்ததைப் படத்தின் மேல் ஏற்றிவிட்டார் என்பது அவர் வாதம். 1978இல் பிரெஞ்சுத் தத்துவவாதி தெரிதா வந்து, இரண்டும் ஒரே ஜோடிதான் என்று உங்களுக்கு யார் சொன்னது என இருவரையும் மடக்கினார். விவசாயப் பெண்ணை வைத்து இத்தனை பெரியவர்கள் வாதாடினார்கள். அதில் ஒரு விவசாயப் பெண்ணின் பேச்சுக்கூட இல்லை.

உன் வீட்டில் ஒருவர் இருக்கிறார், மகளே. செருப்பை வரப்பில் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு சேற்றில் இறங்குகிறவர். கரையேறும்போது அந்தக் குவியலில் எது யாருடையது, எதற்கு எது ஜோடி என்பதைக் குதிகால் தேய்ந்த பக்கத்தையும் வாரில் குத்திய ஊக்கையும் பார்த்தே எடுத்துவிடுவார்கள். தெரிதாவின் கேள்விக்கு உன் அம்மாவிடம் பதில் இருக்கலாம். ஹைடெகரைப் பற்றிக் கேட்டால், வயல் தேய்ப்பது செருப்பையா என்று சேற்றுப்புண் வந்த விரலிடுக்கைக் காட்டினாலும் காட்டுவார். ஹைடெகர் சொன்ன உழவுசால் நிலம் வேறு, நம் நஞ்சை வேறு. அந்த வித்தியாசத்தை எழுத உன்னைவிடத் தோதான ஆள் யார்? நீயோ அவரைப் பி.எட். என்று சொல்ல வைத்துவிட்டு நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறாய்.

பெற்றவளின் கூலியில் படித்தவள், என்ன படித்தேன் என்ற கணக்கை முதலில் அவளிடம்தான் ஒப்பிக்க வேண்டும். நெறியாளர், பல்கலைக்கழகம் எல்லாம் அதற்குப் பிறகுதான். இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது.

கல்யாணத்துக்கு வருகிறேன். ஆய்வேட்டைக் கொடுத்து முடிக்கும்வரை வேண்டாம் என்று மாமாவிடம் நீயே நேரில் சொல், அதையும் அம்மா தலையில் கட்டாதே. என்ன படிக்கிறாய் என்பது வரன் வீட்டாருக்கும் உள்ளபடி தெரியட்டும். கேட்டுவிட்டு அவர்கள் விலகினால் விலகட்டும்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அந்தப் படத்தைப் பெரிய கலர் பிரிண்டாக எடுத்துப் போ. போனில் காட்டினால் அவர் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. முதலில் அந்தப் பொய்க்கு மன்னிப்புக் கேள். அப்புறம் படத்தைக் கையில் கொடுத்து, இது யார் செருப்பாக இருக்கும் என்று கேள். அவர் பேசி முடிக்கும்வரை ஹைடெகர் பெயரை எடுக்காதே. அவர் சொன்னதில் ஒரு வரி ஆய்வேட்டில் வந்தாலும், அதை அவர் பெயரோடு போடு.